வெயில் ஊருக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு என்பவர்களுக்கு

‘நம் ஊர் வெயிலுக்கு இந்த வால்வு எதற்கு சார்? குளிர் நாட்டுக்குத்தான் அது. கழற்றிவிட்டேன், இனி ஹீட் ஆகாது.’ முன்பு பார்த்த மெக்கானிக் இப்படிச் சொன்னதாக, என் ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர்களில் பலர் ஒப்பிக்கிறார்கள். மூடியைக் கழற்றினால் தெர்மோஸ்டாட் என்ற அந்த வால்வு இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். வண்டியோ இன்னும் சூடேறிக்கொண்டுதான் இருக்கும்.

வெளியே 20 டிகிரியோ 40 டிகிரியோ, பெரும்பாலான கார் எஞ்சின்களில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கச் சுற்றும் திரவம்) ஏறக்குறைய 90 டிகிரியில் ஓட வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வதுதான் தெர்மோஸ்டாட். அதன் நடுவில் உள்ள சிறு செம்புக் குப்பியில் மெழுகு இருக்கிறது. சூடேறியதும் மெழுகு உருகி விரிந்து, ஸ்பிரிங்கை எதிர்த்து வால்வைத் திறக்கிறது. மேலே 82 என்று பொறித்திருந்தால் அந்தச் சூட்டில் திறக்கத் தொடங்கும். முழுதாகத் திறக்க இன்னும் பத்துப் பதினைந்து டிகிரி ஏற வேண்டும். அதுவரை கூலன்ட், அதைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் பக்கம் போகாமல் பைபாஸ் என்ற குறுக்குவழியாக எஞ்சினுக்குள்ளேயே சுற்றும்.

கழற்றிவிடுவதில் உள்ள வில்லங்கம் இந்தப் பைபாஸில்தான். பல எஞ்சின்களில் வால்வு திறக்கும்போது அதன் அடித்தட்டு இறங்கிப் பைபாஸை அடைத்துவிடும். கூலன்ட் முழுவதும் ரேடியேட்டருக்குப் போகும். வால்வையே எடுத்துவிட்டால் அடைக்க ஆளில்லை. கூலன்டில் ஒரு பங்கு ரேடியேட்டரை எட்டிப் பார்க்காமலே திரும்பிவிடும். ஏற்காடு மலைப்பாதையில் ஏசியோடு ஏறும்போது சூடு காட்டும் முள் சிவப்பைத் தொடும். சூட்டைக் குறைக்கச் செய்த வைத்தியமே சூட்டைக் கூட்டுகிறது!

பைபாஸ் அப்படி இல்லாத வண்டிகளில் எஞ்சின் குளிர்ந்தே ஓடும். கேட்க நல்லதாகத்தான் இருக்கிறது. ஆனால் எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்து ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி) எரிபொருளைக் கூடுதலாக ஊற்றும், மைலேஜ் விழும். ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல், ஆயில் மூடியின் அடியில் பால் காபி நிறத்தில் பசையாகப் படியும். (எஞ்சின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் உள்ள ஹெட் கேஸ்கட் போனாலும் இப்படிப் படியும் என்பதால் பார்த்ததும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது.) பிஎஸ்6 டீசல் கார் ஒன்று, டிபிஎஃப் (டீசல் புகையின் கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) விளக்கு அடிக்கடி எரிகிறது என்று வந்தது. ஃபில்டரையே மாற்றச் சொல்லியிருந்தார்களாம். தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருந்தது. எஞ்சின் போதிய சூட்டுக்கு வராததால் ஃபில்டர் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளவே தொடங்கவில்லை. அதன் விலைக்கு முன்னால் வால்வின் விலை ஒன்றுமில்லை.

வால்வு மூடியபடி சிக்கினால் ஆபத்து உடனடியானது. கிளம்பிய சில நிமிடங்களில் முள் ஏறும், ரேடியேட்டரோ குளிர்ந்திருக்கும். உடனே ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாக வைத்து, ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள். ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீய்ச்சும். எஞ்சின் மேல் தண்ணீர் ஊற்றவும் வேண்டாம். ‘இன்னும் ஐந்து கிலோமீட்டர்தானே’ என்று ஓட்டினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும்.

எல்லாப் பழியையும் தெர்மோஸ்டாட் மேல் போட முடியாது. நெரிசலில் மட்டும் சூடாகி, நெடுஞ்சாலையில் சரியாகிவிட்டால் முதலில் ஃபேனைப் பாருங்கள். வேகமாகப் போகும்போது சூடானால் ரேடியேட்டர் அடைப்பு, தெர்மோஸ்டாட் இரண்டையும் சந்தேகிக்கலாம். போர் தண்ணீரையே ஊற்றி ஓட்டிய வண்டிகளில் வால்வைச் சுற்றி உப்பும் துருவும் அப்பியிருக்கும். இப்போது பல சிறிய கார்களில் முள்ளே கிடையாது, எஞ்சின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கும் அளவுக்கு மீறிச் சூடானால் சிவப்பு விளக்கும்தான். கால் மணி நேரம் ஓட்டிய பிறகும் நீலம் அணையவில்லை என்றால் வால்வு மூடவில்லை என்று கொள்ளலாம்.

சந்தேகம் இருந்தால் கழற்றிய வால்வை நூலில் கட்டி, தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டு, வெப்பமானி வைத்துச் சூடாக்கச் சொல்லுங்கள். எப்போது திறக்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். புதியதைப் பொருத்தும்போது காற்று வெளியேறுவதற்கான சிறு ஊசி பெரும்பாலான வண்டிகளில் மேல் பக்கமாக இருக்க வேண்டும். பொருத்தியபின் கூலன்ட் நிரப்பி, காற்றை வெளியேற்றி, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை எஞ்சினை ஓடவிட்ட பிறகே வண்டியை எடுங்கள்.