நான்கு சக்கரமும் சுழன்றது, கார் நகரவில்லை

டொராண்டோவில் பெரும்பனி கொட்டிய மறுநாள் காலை. இரவில் தெருவை வழித்துக்கொண்டு போன வண்டி, வழித்த பனியை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வயல் வரப்பு மாதிரி குவித்துவிட்டுப் போயிருந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் வேலைக்கு நேரமாகிவிட்டதென்று தன் எஸ்.யூ.வி.யை அந்த வரப்பின் மேலேயே ஏற்றினார். ஆல் வீல் டிரைவ் வண்டி. பாதி ஏறி நின்றுவிட்டது. நான்கு சக்கரமும் பனியை வாரி இறைத்தன, வண்டி ஓர் அங்குலம்கூட நகரவில்லை. "நாலு வீலுக்கும் பவர் போகுதே தம்பி, அப்புறம் ஏன் நகரமாட்டேங்குது?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. எஞ்சின் செய்வது சக்கரத்தைச் சுழற்றுவது மட்டும்தான். காரை முன்னே தள்ளுவது தரை. டயர் தரையைப் பின்னால் தள்ள, தரை டயரை முன்னால் தள்ளுகிறது. தரை எவ்வளவு பலமாகத் தள்ள முடியும் என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன: அந்த டயரின் மேல் எவ்வளவு எடை அழுத்துகிறது, டயருக்கும் தரைக்கும் நடுவே உராய்வு எவ்வளவு. காய்ந்த தார்ச்சாலையில் உராய்வு எண் 0.8 அளவில் இருக்கும். இறுகிய பனியில் 0.2 பக்கம் வந்துவிடும். ஈரம் படிந்த பனிக்கட்டியில் 0.1-ஐ விடவும் கீழே போகும்.

ஒரு சின்னக் கணக்கு போடலாம். காரின் எடை 1,600 கிலோ, அதில் 60 சதவீதம், அதாவது 960 கிலோ, முன் சக்கரங்கள் மேல். உராய்வு 0.2. எடையை இந்த எண்ணால் பெருக்கினால் தள்ளுவிசை. முன் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் காருக்குக் கிடைக்கும் தள்ளுவிசை 192 கிலோ எடைக்குச் சமம். நான்கும் இழுத்தால் மொத்த எடையும் வேலைக்கு வரும், 320 கிலோ. ஏறக்கூடிய சரிவாகச் சொன்னால், நூறு மீட்டருக்கு 12 மீட்டர் உயரும் மேட்டோடு முதல் கார் தோற்றுவிடும், இரண்டாவது 20 மீட்டர் வரை ஏறும். ஆல் வீல் டிரைவின் பலன் உண்மையானது, சின்னதும் இல்லை.

இப்போது டயரை மாற்றிப் பார்ப்போம். கோடைக்காலத்துக்கான டயர் போட்டிருந்தால் அதே பனியில் உராய்வு 0.1 அளவுக்கு இறங்கிவிடலாம். அப்போது நான்கு சக்கரமும் சேர்ந்து இழுத்தாலும் 160 கிலோதான். நல்ல வின்டர் டயர் போட்ட, இரண்டே சக்கரம் இழுக்கும் சாதாரண கார் 192 கிலோவோடு அதைத் தாண்டிப் போய்விடும். கார் வாங்கும்போது ஆல் வீல் டிரைவுக்கு ஆயிரக்கணக்கான டாலர் கூடக் கொடுக்கிறவர்கள், டயருக்கு வரும்போது கையைச் சுருக்கிக்கொள்வதைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை.

வின்டர் டயரில் அப்படி என்ன இருக்கிறது? சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே விறைக்கத் தொடங்கும். வின்டர் டயரின் கலவை கடுங்குளிரிலும் மெத்தென்று இருக்கும். தரையைத் தொடும் அதன் ரப்பர் கட்டைகளில் கத்தியால் கீறியது போல் நூற்றுக்கணக்கான மெல்லிய வெட்டுகள் உண்டு. ஒவ்வொரு வெட்டின் விளிம்பும் பனியைக் கடித்துப் பிடிக்கும். இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்த விஷயம்: டயரின் பள்ளங்களில் பனி அடைவது இங்கே நல்லது. பனி ரப்பரோடு ஒட்டுவதைவிடப் பனியோடு நன்றாக ஒட்டும். குழந்தைகள் பனியைக் கையில் அமுக்கி உருண்டை பிடிப்பதும் அதனால்தான். பள்ளத்தில் அடைந்த பனி சாலைப் பனியைப் பற்றிக்கொண்டு காரை இழுக்கிறது. கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்டர் டயர் சட்டப்படி கட்டாயம். பக்கவாட்டில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனித்துகளும் பொறித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பிரேக் விஷயத்தில் ஆல் வீல் டிரைவால் ஒரு பயனும் இல்லை. எல்லா காருக்கும் நான்கு சக்கரத்திலும் பிரேக் இருக்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார் காய்ந்த சாலையில் சுமார் 12 மீட்டரில் நிற்கும். உராய்வு 0.2 உள்ள பனியில் 49 மீட்டர் வேண்டும், எந்த வண்டியாக இருந்தாலும். ஆபத்து எங்கே என்றால், ஆல் வீல் டிரைவ் வண்டி பனியில் லேசாகக் கிளம்பிவிடும். கிளம்பும்போது வழுக்காததால் சாலை வழுக்கும் என்பதே ஓட்டுகிறவருக்கு உறைக்காது. சிக்னலில் பிரேக்கை மிதிக்கும்போதுதான் தெரியும்.

சரி, சில வண்டிகளில் ஒரே ஒரு சக்கரம் மட்டும் சும்மா சுழல்கிறதே, அது ஏன்? வளைவில் வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கத்தைவிட அதிக தூரம் ஓட வேண்டும். அதற்காக இரண்டுக்கும் நடுவே டிஃபரன்ஷியல் என்ற பல்சக்கர அமைப்பு இருக்கிறது. வேகத்தைப் பிரித்துக் கொடுக்கும் அது, முறுக்குவிசையை மட்டும் இரண்டு பக்கமும் சமமாகவே கொடுக்கும். ஒரு சக்கரம் பனிக்கட்டியில் நின்றால் அதைச் சுழற்றக் கொஞ்சம் விசையே போதும். அந்தக் கொஞ்சம்தான் மறுபக்கத்துக்கும் கிடைக்கும். நல்ல தரையில் நிற்கும் சக்கரம் சும்மா இருக்க, வழுக்கும் சக்கரம் வெறுமனே சுழலும்.

1980-ல் ஜெனிவா கண்காட்சிக்கு வந்த ஆடி குவாட்ரோவில் நடு டிஃபரன்ஷியலையும் பின் டிஃபரன்ஷியலையும் ஓட்டுநரே பூட்டிக்கொள்ள வசதி இருந்தது. இன்று பெரும்பாலான குடும்ப எஸ்.யூ.வி.களில் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. சாதாரணமாக முன் சக்கரங்கள் இழுக்கும், அவை வழுக்கினால் ஒரு கிளட்ச் இறுகிப் பின் சக்கரங்களுக்கும் விசை போகும். வெறுமனே சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்துத் தடுப்பதால் மறுபக்கத்துக்கும் விசை கிடைக்கும். ஆனால் நீண்ட நேரம் சுழலவிட்டால் அந்த கிளட்ச் சூடேறும், சில வண்டிகளில் பின் சக்கரங்கள் தற்காலிகமாக விலகிவிடும்.

அண்ணனின் வண்டியில் இதெல்லாம் ஒழுங்காகவே வேலை செய்தது. சிக்கல் வயிற்றில் இருந்தது. தெரு வழிக்கும் வண்டி குவிக்கும் பனி, வானத்திலிருந்து விழும் பஞ்சுப் பனி போல் இருக்காது, இறுகிக் கட்டியாகக் கிடக்கும். வண்டியின் அடிப்பாகம் அதன் மேல் உட்கார்ந்ததும் எடையில் பெரும்பங்கைப் பனி தாங்கிக்கொண்டது. டயரின் மேல் எடை குறைந்தால் பிடிப்பும் அதே அளவுக்குக் குறையும். முதல் கணக்கில் இருந்த 1,600 கிலோ அங்கே இல்லை. போதாததற்கு, சுழன்ற டயரின் சூட்டில் உருகிய பனி மறுபடி உறைந்து, நான்கு சக்கரத்துக்கும் கீழே கண்ணாடி போன்ற தொட்டில் உருவாகிவிட்டது.

எஞ்சினை நிறுத்தச் சொன்னேன். முதல் வேலையாகப் புகைக்குழாயைச் சுற்றியிருந்த பனியை அகற்றினோம். குழாய் அடைபட்ட நிலையில் எஞ்சினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள் வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, உயிரையே எடுத்துவிடும். பிறகு வயிற்றுக்குக் கீழே இருந்த பனியை மண்வாரியால் இழுத்து வெளியே போட்டோம். வேலையில் முக்கால்வாசி அதுதான். சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் வழி வெட்டி, கண்ணாடி போல் இருந்த இடத்தைச் சுரண்டி மணல் தூவினோம். ஸ்டியரிங்கை நேராக்கி, டிராக்‌ஷன் கண்ட்ரோலை அணைக்கச் சொன்னேன். சக்கரம் லேசாக வழுக்கினாலே அது எஞ்சினின் விசையை வெட்டிவிடும், இந்த மாதிரி இடத்தில் கொஞ்சம் வழுக்கல் வேண்டும்.

ஊஞ்சலை ஆட்டுவது போல முன்னே ஒரு சாண், பின்னே ஒரு சாண் என்று அவர் வண்டியை அசைத்தார். ஒவ்வொரு தடவையும் ஆட்டம் கொஞ்சம் நீண்டது. நான்காவது தடவை வண்டி வரப்பைத் தாண்டித் தெருவில் இறங்கியது. அப்போது ஆக்ஸிலரேட்டரில் அவர் கால் வெறுமனே பட்டுக்கொண்டுதான் இருந்தது.