கடவுச்சொல் கேட்கும் சர்வரும் டிஎன்எஸ் சொல்லும் பெயரும்

வாசகர் ஒருவர் அனுப்பியிருக்கும் கேள்வி, பல ஆண்டுகளாகச் சர்வர்களோடு பழகுபவர்களையும் தடுமாற வைக்கக்கூடியது. அவருடைய அலுவலகத்தில் உள்ள அறிக்கை சர்வரை முழுப் பெயரால் அழைத்தால், உலாவி கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விடுகிறது. அதே சர்வரைச் சுருக்கமான மாற்றுப் பெயராலோ ஐபி முகவரியாலோ அழைத்தால் கடவுச்சொல் பெட்டி எழுகிறது. இயந்திரம் ஒன்றே, பயனரும் ஒருவரே. கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் ‘பிங்’ அனுப்பினால் மூன்று வழியிலும் பதில் வருகிறது. பிறகு ஏன் இந்த வேறுபாடு என்று கேட்கிறார்.

ஒருமுறை கடவுச்சொல் தந்தால் மற்றச் சேவைகளும் மீண்டும் கேட்காமல் உள்ளே விடும் ஒற்றை உள்நுழைவில் சர்வரின் பெயருக்கு இரண்டு வேலைகள் உண்டு. அதன் முகவரியைக் கண்டுபிடிக்க உதவுவது ஒன்று. அதற்குக் காட்ட வேண்டிய அனுமதிச் சீட்டை எந்தச் சாவியால் பூட்டுவது என்று முடிவு செய்வது மற்றொன்று. முதல் வேலை சரியாக நடந்து இரண்டாவது பிசகும்போது, பிணையம் நலமாக இருப்பதாகத் தோன்றும். உள்நுழைவு மட்டும் காரணம் சொல்லாமல் மறுக்கப்படும்.

பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ் அமைப்பை வாசகர்கள் அறிவார்கள். பிணையத்தில் உள்ள எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே கோப்பில் எழுதிப் பகிரப்பட்ட காலம் போய், 1983-இல் பால் மொகபெட்ரிஸ் அதைப் பல சர்வர்களுக்குப் பிரித்தளிக்கும் முறையை வகுத்தார். நாம் நின்று பார்க்க வேண்டியது, அதே ஆண்டில் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய அதீனா திட்டத்தில் உருவான கெர்பெரோஸ் என்னும் நெறிமுறையை. விண்டோஸ் டொமைன்களிலும் பல லினக்ஸ் பிணையங்களிலும் ஒற்றை உள்நுழைவைத் தாங்கி நிற்பது அதுதான்.

காலையில் நீங்கள் கடவுச்சொல்லைத் தட்டியதும், உங்கள் கணினி அதிலிருந்து ஒரு சாவியை உருவாக்கி, அப்போதைய நேரத்தை அந்தச் சாவியால் பூட்டி, கேடிசி எனப்படும் சீட்டு வழங்கும் சர்வருக்கு அனுப்புகிறது. கடவுச்சொல் பிணையத்தில் பயணிப்பதே இல்லை. பூட்டைத் திறந்து நேரத்தைச் சரிபார்த்த கேடிசி, பிற சீட்டுகளைக் கேட்டுப் பெறுவதற்கான முதன்மைச் சீட்டு ஒன்றைத் தருகிறது. பிறகு அறிக்கை சர்வரை நாடும்போது உங்கள் கணினி அந்தச் சீட்டைக் காட்டி, ‘இந்தப் பெயருள்ள சேவைக்கு ஒரு சீட்டு வேண்டும்’ என்று கேட்கிறது.

இங்கே நடப்பதை எத்தனை முறை விளக்கினாலும் எனக்கு வியப்பு குறைவதில்லை. கேடிசி அந்த உரையாடலுக்கென்றே ஒரு புதிய தற்காலிகச் சாவியை உண்டாக்கி, அதன் ஒரு பிரதியை நீங்கள் மட்டும் திறக்கும்படி பூட்டி உங்களிடம் தருகிறது. இன்னொரு பிரதியை உங்கள் பெயரோடு சேர்த்து, அறிக்கை சர்வரின் சாவியால் பூட்டி, அதையும் உங்களிடமே தருகிறது. அந்த இரண்டாவது பெட்டிதான் சீட்டு. அதைச் சுமந்து செல்பவர் நீங்கள். ஆனால் உங்களால் அதைத் திறக்க முடியாது. சர்வர் தன் சாவியால் பெட்டியைத் திறந்து, உள்ளே இருக்கும் தற்காலிகச் சாவியை எடுத்து, நீங்கள் அதே சாவியால் பூட்டி அனுப்பிய நேரக்குறிப்பைத் திறந்து பார்க்கிறது. திறந்தால் நீங்கள் யார் என்பது உறுதி. சர்வர் இதற்காகக் கேடிசியிடம் ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டியதில்லை.

இதன் வேர் ரோஜர் நீதமும் மைக்கேல் ஷ்ரோடரும் 1978-இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. பழைய சாவி எதிரியின் கையில் சிக்கினால் அந்த முறை ஏமாந்துவிடும் என்பதை 1981-இல் டெனிங்கும் சாக்கோவும் காட்டி, நேரக்குறிப்பைச் சேர்க்கச் சொன்னார்கள். இரண்டு கடிகாரங்களுக்கிடையே இயல்பாக 5 நிமிட வேறுபாட்டுக்கு மேல் கெர்பெரோஸ் பொறுப்பதில்லை என்பதற்கு அதுவே காரணம். தாளில் எழுதிய ஒரு நெறிமுறையும் அதன் மீதான விமர்சனமும் இத்தனை ஆண்டுகளாகக் கோடிக்கணக்கான உள்நுழைவுகளைக் காத்து வருகின்றன. உடனடிப் பயன் என்ன என்று கேட்டு அடிப்படை ஆய்வுக்கு நிதி மறுப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி, பெயருக்கு வருவோம். எந்தச் சாவியால் பூட்டுவது என்று கேடிசி தன் பதிவேட்டில் தேடுவது பெயரை வைத்துத்தான். அந்தப் பெயரைச் சொல்வது உங்கள் கணினி. அதற்கு அந்தப் பெயரைத் தருவது பெரும்பாலும் டிஎன்எஸ். மாற்றுப் பெயர், டிஎன்எஸ்ஸில் இன்னொரு பெயரைச் சுட்டும் ‘சிநேம்’ பதிவாக இருந்தால், பல உலாவிகள் அது சுட்டும் உண்மைப் பெயரைக் கண்டறிந்து அதற்கே சீட்டுக் கேட்கும். நேரடியாக ஐபியைக் காட்டும் ‘ஏ’ பதிவாக இருந்தால், தட்டிய மாற்றுப் பெயருக்கே சீட்டுக் கேட்கும். அந்தப் பெயர் கேடிசியின் பதிவேட்டில் இல்லையென்றால் சீட்டும் இல்லை. வெறும் ஐபி முகவரிக்கு விண்டோஸ் இயல்பாகக் கெர்பெரோஸ் சீட்டே கேட்பதில்லை.

எம்ஐடி வெளியிடும் கெர்பெரோஸ் மென்பொருள் இயல்பாக இன்னொரு படியும் எடுக்கிறது: கிடைத்த ஐபியை மறுபடி பெயராக மாற்றிப் பார்க்கிறது. நான் நேரில் கண்ட ஒரு கோளாறில், ஓய்வு கொடுக்கப்பட்ட பழைய சர்வரின் ஐபி புதிய சர்வருக்குத் தரப்பட்டிருந்தது. தலைகீழ்த் தேடலுக்கான ‘பிடிஆர்’ பதிவில் மட்டும் பழைய பெயர் அழியாமல் இருந்தது. கேடிசியின் பதிவேட்டில் பழைய சர்வரின் கணக்கும் நீக்கப்படவில்லை. ஆகவே கேடிசி எந்தத் தடையும் சொல்லாமல் பழைய சர்வரின் சாவியால் பூட்டிச் சீட்டைக் கொடுத்தது. புதிய சர்வரால் அதைத் திறக்க முடியவில்லை. இரண்டு நாள் கடவுச்சொற்களை மாற்றிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். கையிலுள்ள சீட்டுகளைப் பட்டியலிடும் ‘கேலிஸ்ட்’ கட்டளையைத் தட்டிச் சீட்டின் மேல் எழுதியிருந்த பெயரைப் படித்த பிறகுதான் விஷயம் விளங்கியது.

ஆகவே தேடலைச் சீட்டிலிருந்தே தொடங்குங்கள். சீட்டு இல்லையா, இருந்தால் யார் பெயருக்கு என்று பாருங்கள். பெயர்களைத் தேடும் ‘என்எஸ்லுக்அப்’ கட்டளை டிஎன்எஸ்ஸை மட்டுமே கேட்கும், பெயர்களும் முகவரிகளும் கணினியிலேயே எழுதி வைக்கப்படும் ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பார்க்காது. லினக்ஸில் ‘கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்’ கட்டளை அதையும் சேர்த்துப் பார்க்கும். இரண்டின் பதிலும் வேறுபட்டால், பழைய வரி ஒன்று அந்தக் கோப்பில் இருக்கக்கூடும். கடிகாரங்களையும் ஒப்பிடுங்கள். சர்வரை அணைத்துப் போடுவதைப் பரிகாரம்போல முதலில் செய்யாதீர்கள்: அது தற்காலிக நினைவில் இருந்த தடயங்களை அழித்துவிடும், கோளாறு ஒருவேளை மறைந்தாலும் காரணம் கைக்கு வராது.

வாசகரின் சர்வரில் அந்த மாற்றுப் பெயர் பெரும்பாலும் ‘ஏ’ பதிவாக இருக்கும் என்று கருதுகிறேன். அதைச் ‘சிநேம்’ ஆக மாற்றலாம். அல்லது அந்தச் சேவை எந்தக் கணக்கில் இயங்குகிறதோ அந்தக் கணக்கிலேயே மாற்றுப் பெயரையும் ‘எஸ்பிஎன்’ ஆக, அதாவது கேடிசி தேடும் சேவைப் பெயராகப் பதியலாம். இரண்டு கணக்குகளில் ஒரே பெயரைப் பதிந்துவிட வேண்டாம். எந்தச் சாவியை எடுப்பது என்று தெரியாமல் கேடிசி சீட்டுத் தர மறுக்கும். மாற்றுப் பெயர் உலாவியின் நம்பகப் பட்டியலிலும் இருக்க வேண்டும். மாற்றத்துக்குப் பிறகு ‘கேலிஸ்ட் பர்ஜ்’ கொடுத்துப் பழைய சீட்டுகளை நீக்கி, டிஎன்எஸ் பதிவின் ஆயுட்காலம் முடியும்வரை காத்திருந்து, உலாவியை மூடித் திறந்து சோதியுங்கள்.