ரிப்போட் நோமல், கால் இன்னும் விறைக்குது

உளநல கிளினிக்குக்கு வருகிறவர்களில் ஒரு பகுதியினர் மனக்கவலைக்கென்று வருவதில்லை. கால் விறைப்பு, கை நடுக்கம், தலைச்சுற்று, தசைத் துடிப்பு என்று தொடங்கி, ஓபிடி, மருத்துவ கிளினிக், நரம்பியல் கிளினிக், தனியாரில் சனலிங் என்று சுற்றி, கொழும்புக்கும் ஒருக்காப் போய்வந்து, கடைசியில் ஒரு பை நிறைய ரிப்போட்டுகளோடு எங்கள் முன்னால் கதிரையில் இருப்பார்கள். வாய் திறந்தவுடன் வருவது பெரும்பாலும் இதுதான்: "டொக்டர், நான் விசர் இல்லை. என்னை ஏன் இஞ்ச அனுப்பினவை எண்டு விளங்கேல்லை."

அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. "எல்லாம் நோமல், உங்களுக்கு ஒண்டும் இல்லை" என்று கேட்டுவிட்டு வந்திருப்பார்கள். சனம் நெருக்கியடிக்கும் கிளினிக்கில் அதற்கு மேல் விளங்கப்படுத்த நேரம் கிடைக்காது, உண்மைதான். ஆனால் கால் விறைத்தபடி நிற்கிற மனிதர் அதை எப்படி எடுத்துக்கொள்வார்? டொக்டர் என்னை நம்பவில்லை, அல்லது அவருக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. எப்படி எடுத்தாலும் அடுத்த சனலிங்குக்குத்தான் காசு கட்டுவார்.

எம்.ஆர்.ஐ காட்டுவது மூளையினதும் முள்ளந்தண்டினதும் அமைப்பை. வீட்டு வயரிங்கைப் படம் எடுத்தால் கம்பி அறுந்திருக்கிறதா என்று தெரியும், லைற் ஏன் மினுங்குகிறது என்று தெரியாது. ஒற்றைத்தலைவலியின் ஒளிக்கீற்றும், காதுச் சமநிலைக் கோளாறால் வரும் தலைச்சுற்றும் ஸ்கானில் தெரியாத உண்மையான வருத்தங்கள். நரம்பின் அமைப்பு கெடாமல் அது வேலைசெய்யும் விதம் மட்டும் குழம்பிப்போகிற செயற்பாட்டு நரம்பியல் கோளாறும் அப்படித்தான். அதை "வேறொன்றும் அகப்படவில்லை" என்பதற்காக மட்டும் யாருக்கும் ஒட்டிவிடக் கூடாது. அதற்கென்று தனி அடையாளங்கள் உண்டு. 1908ஆம் ஆண்டு ஹூவர் என்ற அமெரிக்க வைத்தியர் எழுதிய சோதனை இன்றும் நடக்கிறது. ஏலாத காலின் குதியைக் கட்டிலில் அழுத்தச் சொன்னால் பலம் வராது. மற்றக் காலை உயர்த்தச் சொல்லி நாங்கள் மேலிருந்து அமர்த்தினால், அதே ஏலாத கால் தன்பாட்டில் பலமாகக் கட்டிலை அழுத்தும். நரம்புப் பாதை நன்றாக இருக்கிறது, நினைத்தபோது அதைப் பாவிக்க முடியவில்லை, அவ்வளவுதான். இது நடிப்பு அல்ல. இதைச் செய்து காட்டி விளங்கப்படுத்தினால் சிலருடைய முகமே மாறிவிடும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. எளிதில் அகப்படும் காரணங்களைப் பார்க்காமல் "பயந்தான்" என்று முடிப்பதும் பிழை. எங்கள் ஊரில் சீனி வருத்தம் நிறைய, அதால் பாதம் விறைக்கும். அதற்குக் கொடுக்கும் மெற்ஃபோமின் குளிசையை வருடக்கணக்கில் போடுகிறவர்களுக்கும், பால் முட்டைகூட எடுக்காத சுத்த சைவக்காரருக்கும் விற்றமின் பி12 குறையலாம், அதாலும் பாதம் விறைக்கும். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் விறைத்து இரவில் எழுந்து கையை உதறுகிறவருக்கு மணிக்கட்டில் நரம்பு நசிகிறதா என்று பார்க்கவேண்டும். தைரொயிட்டையும் விடக்கூடாது. நரம்புத் தளர்ச்சிக்கென்று யாரோ சொன்ன விற்றமின் குளிசையை மாதக்கணக்கில் விழுங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அதில் இருக்கிற பி6 அளவுக்கு மிஞ்சி நீண்டநாள் போனால் அதுவே நரம்பைப் பாதித்து விறைப்பைக் கொண்டுவரும். கிளினிக்குக்கு வரும்போது குளிசைப் போத்தல்கள் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள், ஆயுர்வேத மருந்து உட்பட.

இனி பயத்துக்கு வருவோம். அடையாளம் தெரியாதபடி விபரங்களை மாற்றி ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். முப்பது வயதுக்குள், சுன்னாகம் பக்கம், கணக்கு வேலை. ஒருநாள் கெண்டைக்காலில் தசை துடித்தது. கூகிளில் தேடினார், தசைகளைப் படிப்படியாகச் செயலிழக்கப்பண்ணும் இயக்க நரம்பணு நோய் என்று வந்தது. அன்றிலிருந்து காலையில் கட்டிலால் இறங்கியவுடன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு குதிகாலில் நடப்பார், பிறகு நுனிக்காலில். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையிலுள்ள சதையைக் கிள்ளி இரண்டு கையையும் ஒப்பிடுவார். ஃபோனில் கெண்டைக்கால் படங்கள் திகதி வாரியாக இருந்தன. நித்திரை இல்லை, அதை ஈடுகட்டப் பிளேன்ரீக்கு மேல் பிளேன்ரீ. நித்திரைக் குறைவும் கஃபீனும் களைத்த தசையும் துடிப்பைக் கூட்டும். சோதித்துச் சோதித்தே அந்தத் தசையைக் களைக்கப்பண்ணிக்கொண்டிருந்தார். நரம்பியல் நிபுணர் பரிசோதித்துப் பலமும் தசையும் நன்றாக இருப்பதாகச் சொன்ன பிறகும் அவர் கேட்ட கேள்வி, "இப்ப இல்லை, ஆனா துவங்குதோ?" எந்த ரிப்போட்டும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது.

கை நுனியிலும் வாயைச் சுற்றியும் ஊசி குத்துகிறது என்பவர்களுக்கும் இதே சுழல். பயத்தில் மூச்சு வேகமாக, ஆழமாகப் போகும். இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறையும், அதோடு இரத்தத்தில் சுயாதீனமாக இருக்கும் கல்சியம் இறங்கும், நரம்பு துள்ளத் தொடங்கும். விறைப்பு உண்மையிலேயே வரும். அது வந்தவுடன் "ஐயோ, பாரிசவாதம்" என்ற பயம், இன்னும் வேகமாக மூச்சு.

வீட்டாரும் அறியாமல் இதற்குத் தீனி போடுவதுண்டு. "என்ர முகம் கோணியிருக்கோ பாருங்கோ" என்று மனைவியிடம் கேட்பார். "இல்லையப்பா" என்ற பதில் பின்னேரம் வரைக்கும் தாங்கும், பிறகு திரும்பவும் கேட்பார். ரொறன்ரோவிலிருந்து அண்ணா வைபரில் "இஞ்ச எண்டா எல்லாம் உடன எடுத்திடுவாங்கள்" என்பார். (அங்கேயும் அவசரமில்லாத எம்.ஆர்.ஐக்கு மாதக்கணக்கில் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். அண்ணாவுக்கு அது தெரியும், தூரத்திலிருந்து வேறென்ன சொல்வது?) ஷெல் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு வளர்ந்தவர்களின் உடம்பு சின்ன மாற்றத்துக்கும் விழித்துக்கொள்வதை நான் காண்கிறேன். அதற்காக எல்லாவற்றையும் யுத்தத்தின் தலையில் போடவும் கூடாது. செயற்பாட்டுக் கோளாறு உள்ள எல்லோருக்கும் பெரிய அதிர்ச்சி நடந்திருக்கவேண்டும் என்றில்லை. 2013இல் வந்த அமெரிக்க மனநோய் வகைப்பாடும் (DSM-5) அந்த நிபந்தனையைக் கைவிட்டுவிட்டது.

"முதல்ல வருத்தம் என்னெண்டு தெரியட்டும் டொக்டர், பிறகு இதைப் பாப்பம்" என்பதுதான் நான் அதிகம் எதிர்க்கும் வசனம். சில நரம்பு நோய்கள் முகம் காட்டவே காலம் எடுக்கும், ஸ்கான் திகதிக்கும் காத்திருக்கவேண்டும். அதுவரைக்கும் நித்திரையையும் வேலையையும் பிள்ளையோடு விளையாடுவதையும் விட்டுக்கொடுக்க வேண்டுமா? நாளைக்கே நோய்க்கு ஒரு பெயர் கிடைத்தாலும் பயம் தன்பாட்டில் போய்விடாது. தேடலும் பயத்துக்கான சிகிச்சையும் ஒரே நேரத்தில் நடக்கலாம். பிரித்தானியாவில் நரம்பியல் உட்பட்ட பொது வைத்தியசாலைக் கிளினிக்குகளில் நோய்ப்பயம் மிகுந்த 444 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2013இல் வெளிவந்தது. 5 முதல் 10 அமர்வுகள் வரை அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை (எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை) பெற்றவர்களுக்கு, வழமையான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிடப் பயம் நன்றாகக் குறைந்திருந்தது.

"பிறகு ஏதாவது பெரிசா வந்தா?" என்பதற்கும் ஓரளவு பதில் உண்டு. ஸ்கொட்லாந்தின் நரம்பியல் கிளினிக்குகளில், அறிகுறிகளை நோயால் முழுமையாக விளக்க முடியாது என்று நிபுணர்கள் முடிவெடுத்த 1030 பேரைச் சுமார் ஒன்றரை வருடம் கழித்துப் பார்த்தபோது, அந்த அறிகுறிகளுக்குக் காரணமான எதிர்பாராத நோய் 4 பேருக்கே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. 2009இல் வெளிவந்த ஆய்வு இது. நிபுணர் ஒழுங்காகப் பரிசோதித்த பிறகு வந்த கணக்கு என்பதை மறக்காதீர்கள். கூகிளைப் பார்த்து நாங்களே எடுத்த முடிவுக்கு இது பொருந்தாது.

கைக்கு எட்டியதைச் சொல்கிறேன். ஒரு வைத்தியரைத் தலைமையாக வைத்துக்கொள்ளுங்கள், ரிப்போட் எல்லாம் அவரிடம் போகட்டும். எப்போது தொடங்கியது, எங்கே, எவ்வளவு நேரம், என்ன செய்தால் கூடுகிறது என்று கொப்பியில் ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள், அதற்கு மேல் வேண்டாம். தினமும் பக்கம் பக்கமாக எழுதுவதும் ஒருவகைச் சோதிப்புத்தான். புதிய ஸ்கான் எடுக்கமுன், "நோமல் எண்டு வந்தா அடுத்தது என்ன?" என்று வைத்தியரிடம் கேளுங்கள். அறிகுறி எதுவுமில்லாத 20 வயதுக்காரரின் முதுகை எம்.ஆர்.ஐ எடுத்தாலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டு பிதுங்கியிருக்கும். வேண்டாத ஸ்கான் வேண்டாத பயத்தைத் தரும்.

உடம்பைச் சோதிப்பதை ஒரேயடியாக நிறுத்துவது கஷ்டம், தள்ளிப்போடலாம். இப்போது கிள்ளிப் பார்க்கத் தோன்றினால் பத்து நிமிடம் பொறுங்கள். அடுத்த கிழமை அரைமணி. அந்தக் கணக்குவேலைத் தம்பி முதலில் விட்டது குதிகால் நடையை, படம் எடுப்பதை நிறுத்த அவருக்கு வெகுநாள் பிடித்தது. வீட்டார் கேள்விக்கு ஒருதடவை பதில் சொல்லிவிட்டு, "டொக்டர் சொன்னதுதான், வாங்கோ கொஞ்சம் நடந்திட்டு வருவம்" என்றால் போதும். பயத்துக்கு மருந்து தேவைப்பட்டால் அது வேலைசெய்யச் சில கிழமைகள் எடுக்கும். அதற்கிடையில் பக்கத்து வீட்டு அம்மாவின் நித்திரைக் குளிசையை வாங்கிப் போடாதீர்கள்.

அந்தரமாக இருந்து கதைக்க ஆள் வேண்டுமென்றால் தேசிய மனநல நிறுவனத்தின் 1926 தொலைபேசி இலக்கம் இருக்கிறது. ஆனால் முகம் திடீரென்று ஒருபக்கம் இழுத்தல், ஒரு கை கால் விழுதல், பேச்சுக் குழறல், பார்வை போதல், முன்பு வராத கடும் தலையிடி, முதல் தடவை வலிப்பு, இடுப்புக்குக் கீழே விறைத்துச் சிறுநீர் கட்டுப்படாமல் போதல், இவற்றுக்குப் பயமா நோயா என்று வீட்டிலிருந்து யோசிக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு எடுங்கள். மூளையின் இரத்தக்குழாயை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழமையாக நாலரை மணித்தியாலம்தான் அவகாசம். பதகளிப்பு என்று ஏற்கனவே கொப்பியில் எழுதப்பட்டவருக்கும் இது பொருந்தும். அந்த எழுத்தைப் பார்த்து உங்களைத் திருப்பி அனுப்ப வெளிக்கிட்டால், "இது முந்தினது மாதிரி இல்லை, புதுசு" என்று சொல்லித் திரும்பவும் பரிசோதிக்கக் கேளுங்கள்.