சேஃப்டி: துப்பாக்கிக்கு எத்தனை தாழ்ப்பாள்?

எங்காவது போலீஸ்காரர் கையில் துப்பாக்கி வெடித்துவிட்டது என்று செய்தி வந்தால், டீக்கடையில் முதலில் கேட்கிற கேள்வி, "சேஃப்டி போட்டிருந்தாரா இல்லையா?" என்பதுதான். இந்தச் 'சேஃப்டி'யைத் தமிழில் 'பாதுகாப்பு' என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். எனக்கு அதில் சம்மதமில்லை. பாதுகாப்பு என்பது ஒரு நிலைமை, துப்பாக்கியில் இருப்பதோ விரல்நுனி அளவுக்கு ஓர் இரும்புத் துண்டு.

ஆங்கிலத்தில் முழுப்பெயர் சேஃப்டி கேட்ச். சேஃப் என்பது லத்தீன் 'சால்வுஸ்' என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது, ஊறுபடாத, முழுசான என்று பொருள். கேட்ச் என்றால் நம்ம ஊர்க் கொண்டி. பேச்சில் கொண்டி உதிர்ந்துபோய் 'சேஃப்டி' மட்டும் நின்றுவிட்டது. வினையே அங்கேதான். கொண்டி என்று சொல்லியிருந்தால் மாட்டினோமா இல்லையா என்று ஒரு தடவை தொட்டுப் பார்ப்போம். சேஃப்டி என்று சொன்னதும் மனசு நிம்மதியாகிவிடுகிறது.

கொண்டியைப் பற்றிச் செட்டிநாட்டுக்காரனுக்குச் சொல்லவே வேண்டாம். கானாடுகாத்தானில் என் அப்பத்தா இருந்த வீட்டில் பர்மாத் தேக்குக் கதவு. ராத்திரி அதை அடைப்பது ஒருத்தருக்குக் கால்மணி நேர வேலை: தாழ்ப்பாள், நாதாங்கியில் கொண்டி, குறுக்கே ஒரு கட்டை, அதுக்கும் மேல முழங்கை நீளச் சாவி. இத்தனையும் போட்ட பிறகும் அப்பத்தா எழுந்துவந்து ஒருமுறை கதவைத் தள்ளிப் பார்ப்பார். 'தாழ்' பழைய சொல், குறளிலேயே 'அடைக்குந்தாழ்' என்று வருகிறது. அதனால் நான் சேஃப்டிக்குக் காப்புத்தாழ் என்று எழுதுகிறேன்.

சரி, துப்பாக்கியில் இருப்பது ஒரு தாழ் மட்டும்தானா? இல்லை. இரண்டு வகை. ஒன்று, கையால் போட்டு கையால் எடுப்பது. நம் போலீஸில் ரொம்பக் காலமாகப் புழங்கும் 9 எம்எம் 1ஏ பிஸ்டல், ஈசாப்பூர் தொழிற்சாலையில் செய்வது, பிரவுனிங் ஹை பவர் என்ற வெளிநாட்டுப் பிஸ்டலின் நகல், அதில் இடப்பக்கம் கட்டைவிரல் படுகிற இடத்தில் ஒரு சின்ன நெம்பாக இது இருக்கும். இன்னொன்று, கொல்லைக் கேட்டில் இருக்கும் கொண்டி மாதிரி தானாக விழுவது. இது வெளியே தெரியாது. தோட்டாவின் பின்பக்கத்தைக் குத்துகிற ஊசியை உள்ளேயே மறித்துக்கொண்டு நிற்கும், விசையை, அதாவது ட்ரிகரை, முழுக்க இழுத்தால்தான் வழிவிடும். இதை உள்தாழ் என்று சொல்லலாம். ஆஸ்திரிய ராணுவம் 1982-இல் எடுத்துக்கொண்ட கிளாக் பிஸ்டலில் கட்டைவிரல் நெம்பே கிடையாது, உள்தாழ்கள் உண்டு, விசையின் நடுவிலும் ஒரு குட்டி நாக்கு உண்டு. விரல் விசைமேல் பட்டு அழுந்தியதும் எல்லாமே திறந்துகொள்ளும். ஆக, அந்தத் துப்பாக்கிக்குக் கடைசித் தாழ் ஆள்காட்டி விரல்தான். அமெரிக்காவில் வாஷிங்டன் நகரப் போலீஸ் 1988-இல் ரிவால்வரை விட்டுக் கிளாக்குக்கு மாறியது, அடுத்த பத்து வருஷத்தில் 120-க்கும் மேற்பட்ட தடவை வேண்டாத இடத்தில் வெடித்ததாக அந்த ஊர்ப் பத்திரிகை கணக்கெடுத்து எழுதியது. பயிற்சி போதவில்லை என்பதும் அதில் ஒரு பெரிய காரணம். நியூயார்க் போலீஸ் வேறு வழி பிடித்தது: விசையை இழுக்க ஏறக்குறைய ஐந்தரைக் கிலோ பலம் வேண்டும்படி ஸ்பிரிங்கை இறுக்கிவிட்டார்கள்.

உள்தாழ் சரியாக அமையாத காலத்தில் துப்பாக்கி நிஜமாகவே தானாக வெடித்திருக்கிறது. இரண்டாம் உலகப்போரின்போது ஒரு கப்பலின் தளத்தில் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் ரிவால்வர் கீழே விழுந்து வெடித்து ஒரு மாலுமி இறந்துபோனார், அதற்கப்புறம்தான், தோட்டாவை அடிக்கிற சுத்தியலை உள்ளே மறிக்கும் தகட்டை மாற்றிச் செய்தார்கள். (சுத்தியல் என்பது ஆங்கிலப் பெயரின் மொழிபெயர்ப்பு. தமிழில் அதற்குப் பழைய பெயர் குதிரை. வீணையில் தந்தியைத் தாங்குவதும் குதிரைதான். இந்தியிலும் 'கோடா' என்கிறார்கள், வெள்ளைக்காரன் மட்டும் பழைய நாளில் அதைக் 'காக்' என்றான், அதாவது சேவல்!)

தேவகோட்டையில் என் சித்தப்பா ஒருவர், ஆயுதப்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். காப்புத்தாழ், உள்தாழ் எல்லாம் நான் சொல்லி முடித்ததும் சிரித்தார். "அது கெடக்கட்டும்டா. மொதல்ல மேகசினக் கழட்டணும், அப்புறந்தான் சிலைடு இழுக்கணும். மாத்திச் செஞ்சா போச்சு." மேகசின் என்பது பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டி, சிலைடு என்பது குழலின்மேல் முன்னும் பின்னும் நகரும் இரும்பு உறை. ஏன் என்று ஒரு சோப்புப் பெட்டியை வைத்துக் காட்டினார். மேகசின் உள்ளே இருக்கும்போதே சிலைடை இழுத்தால் குழலுக்குள் இருந்த தோட்டா வெளியே துள்ளும், ஆள் அதைப் பார்த்து 'காலி' என்று நினைப்பார், ஆனால் சிலைடு திரும்பி வரும்போது மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கும். பிறகு மேகசினைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, வெறும் துப்பாக்கிதானே என்று விசையை இழுத்தால் முடிந்தது. கிளாக்கைப் பிரித்துத் துடைக்க எப்படியும் விசையை இழுத்தாக வேண்டும். 1ஏ-இல் மேகசின் இல்லாவிட்டால் விசை வேலை செய்யாதபடி ஒரு தடை உண்டு, கிளாக்கில் அது கிடையாது. சில இடங்களில் துப்பாக்கியோடு காவல் நிற்பவர்களின் கார்டு ரூம் வாசலில் மணல் நிரப்பிய வாளி வைத்திருப்பதும் இதற்குத்தான், குழலை மணலுக்குள் காட்டிக் காலி செய்வார்கள்.

சித்தப்பா கையிலேயே ஒருமுறை இது நடந்திருக்கிறது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, சுவரில் ஓட்டை. அதன்மேல் ஒரு காலண்டரை மாட்டிவிட்டார்களாம். "தொடைச்சுக்கிட்டு இருந்தேன், வெடிச்சிருச்சு" என்றார். கவனித்தீர்களா? 'வெடித்தேன்' என்று தமிழில் சொல்ல முடியாது, 'சுட்டேன்' என்றால் வேண்டுமென்றே செய்ததாகிவிடும். அதனால் துப்பாக்கி எழுவாயில் வந்து உட்கார்ந்துகொள்கிறது, விரல் வாக்கியத்திலேயே இல்லை. பத்திரிகைகளும் 'எதிர்பாராதவிதமாக வெடித்தது' என்றே எழுதுகின்றன. ஆனால் பஸ் மோதினால் எஃப்.ஐ.ஆரில் என்ன எழுதுகிறார்கள்? 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டிவந்து' என்று. பஸ் எதிர்பாராதவிதமாக மோதியது என்று யாரும் எழுதுவதில்லை. ஆங்கிலத்தில் ஆக்சிடெண்டல் டிஸ்சார்ஜ் என்பதிலிருந்து நெக்லிஜெண்ட் டிஸ்சார்ஜ் என்பதைத் தனியே பிரிக்கிறார்கள்: பொறி கெட்டு வெடித்தால் முதலாவது, விரலால் வெடித்தால் இரண்டாவது.

முதலாவதற்குத் 'தானாக வெடித்தல்' போதும். இரண்டாவதற்குக் 'கைப்பிசகுச் சூடு' என்று ஒரு சொல்லைச் செய்து சித்தப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"பிசகுன்னா எண்ணெய் தடவி நீவி விடுவாங்கடா. அஜாக்கிரதைன்னே எழுது" என்றார்.