கார் உட்கூரைத் துணி தொங்குகிறதா? பசையைக் குறை சொல்லாதீர்கள்

சென்ற மாதம் ஏற்காட்டிலிருந்து எங்கள் பட்டறைக்கு வந்த பழைய கார் ஒன்றின் உட்கூரையில் நாற்பத்தொரு குண்டூசிகள் குத்தியிருந்தன. தொங்கிய துணியைத் தூக்கி நிறுத்த அதன் உரிமையாளர் செய்த ஏற்பாடு அது. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் குலுங்கி இறங்கியதில் சில குண்டூசிகள் கழன்று, குழந்தைகள் உட்காரும் பின் இருக்கையில் கிடந்தன.

"நல்ல பசையாக வாங்கி உள்ளே அடித்துவிட்டால் போதாதா?" என்று பலரும் கேட்கிறார்கள். போதாது. கூரைத் துணியின் முதுகில் சில மில்லிமீட்டர் தடிமனுள்ள ஃபோம் சேர்ந்தே வருகிறது. அந்த ஃபோம்தான் மேலே உள்ள அட்டையோடு ஒட்டப்பட்டிருக்கிறது. சேலத்துச் சித்திரை வெயிலில் நாள் முழுவதும் வெந்தும், மலைமேல் பனி ஈரத்தில் ஊறியும் ஆண்டுகள் கழியும்போது அந்த ஃபோம் மட்கிவிடுகிறது. தொங்கும் துணியின் உட்புறத்தை விரலால் தடவிப் பாருங்கள். செங்கல் தூளைப் போலப் பொடி ஒட்டிக்கொண்டு வரும். அந்தப் பொடியின் மேல் எந்தப் பசையை அடித்தாலும் அது பொடியைத்தான் பிடிக்குமே தவிர அட்டையைப் பிடிக்காது.

அட்டையைக் கழற்றி, பழைய ஃபோமை நீக்கி, புதுத் துணி ஒட்டுவதே வழி. அதை வீட்டிலேயே செய்ய விரும்புவோர் முதலில் தங்கள் காரில் கர்ட்டன் ஏர்பேக் (மோதலின்போது பக்கக் கண்ணாடிகளை மறைத்துத் திரைபோல விரியும் காற்றுப்பை) உண்டா என்று பார்க்க வேண்டும். அது கூரையின் ஓரத்தில்தான் மடித்து வைக்கப்பட்டிருக்கும் என்பதால், அத்தகைய காரில் அட்டையைக் கழற்றும் வேலையை விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே நல்லது. துணி நிற்பதற்காக ஓரங்களில் ஸ்குரூ முடுக்குவதை நான் கண்டிப்பாகத் தடுப்பேன். ஏர்பேக் விரிய வேண்டிய வழி அது.

கர்ட்டன் ஏர்பேக் இல்லாத காரில் பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, சன் வைசர், கைப்பிடிகள், உள்விளக்கு, ஓரப் பிளாஸ்டிக்குகள் ஆகியவற்றைக் கழற்றினால் அட்டை இறங்கும். அதை இரண்டு பேர் பிடித்து, வளைக்காமல் வெளியே எடுக்க வேண்டும். ஒருமுறை மடிந்த அட்டையின் கோடு புதுத் துணியிலும் தெரியும். தொழிலுக்கு வந்த புதிதில் அவசரப்பட்டு நானும் ஒன்றை மடித்திருக்கிறேன்.

துணியை உரித்த பிறகு முகக்கவசம் அணிந்து, நைலான் பிரஷ்ஷால் பழைய ஃபோமைச் சுத்தமாகத் தேய்த்தெடுக்க வேண்டும். கம்பி பிரஷ் அட்டையைக் கிழித்துவிடும். கை வலித்து, 'இவ்வளவு போதும்' என்று தோன்றும் இடத்தில்தான் பெரும்பாலானோர் நிறுத்திவிடுகிறார்கள். சில மாதங்களில் துணி மறுபடி தொங்கத் தொடங்குவதும் அந்த இடத்திலிருந்துதான்.

புதுத் துணி ஃபோம் ஒட்டியதாகவும், பசை வெப்பம் தாங்கும் ஸ்ப்ரே வகையாகவும் இருக்கட்டும். மரவேலைக்கான வெள்ளைப் பசை இங்கே உதவாது. திறந்த வெளியில், அருகில் நெருப்பில்லாமல், அட்டையிலும் துணியின் ஃபோம் பக்கத்திலும் பசையடித்து, தொட்டால் விரலில் ஒட்டாமல் பிசுபிசுக்கும் வரை பொறுங்கள். பிறகு துணியைப் பாதியாக மடித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே வர வேண்டும். உள்விளக்குப் பள்ளத்தில் இழுத்து ஒட்டாமல், துணியைத் தளரவிட்டு உள்ளே அமுக்குங்கள். இழுத்து ஒட்டினால் அந்த இடம் முதல் வெயிலிலேயே எழும்பிவிடும். விளிம்பில் நான்கு விரற்கடை துணியை விட்டு மடித்து ஒட்டி, ஒரு நாள் முழுவதும் நிழலில் காய்ந்த பின் விளக்குக்கும் கைப்பிடிகளுக்கும் துளை வெட்டி, அட்டையைக் காரில் ஏற்றலாம்.