பரோலோவின் துவர்ப்பு எங்கே போகிறது?

இத்தாலியின் வடமேற்கில், ஆல்ப்ஸ் மலைக்குத் தெற்கே பீட்மான்ட் மாநிலம். அங்கே ஆல்பா நகருக்குப் பக்கத்துக் குன்றுகளில் விளையும் நெபியோலோ என்ற ஒரே வகைத் திராட்சையிலிருந்துதான் பரோலோ ஒயினைச் செய்கிறார்கள். அதைச் செய்ததும் விற்க முடியாது. குறைந்தது 38 மாதம், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில், வைத்திருந்தாக வேண்டும் என்பது அங்குள்ள சட்டம். ‘ரிசர்வா’ என்று லேபிளில் போட வேண்டுமானால் 62 மாதம். இவ்வளவு காத்திருந்து கடைக்கு வந்த பாட்டிலை வாங்குகிறவர்களில் பலர் அதைத் திறப்பதில்லை. மேலும் 10 ஆண்டோ 20 ஆண்டோ நிலவறையில் படுக்க வைத்துவிடுகிறார்கள்.

காரணம் அதன் துவர்ப்பு. இளம் பரோலோவை ஒரு வாய் குடித்தால் ஈறும் கன்னத்தின் உட்புறமும் வறண்டு இழுத்துப் பிடிக்கும். இது டானின் செய்யும் வேலை. திராட்சையின் தோலிலும் விதையிலும் இருந்து வரும் இந்தச் சேர்மங்கள், எச்சிலில் வழவழப்புத் தரும் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றைத் திரிய வைக்கின்றன. வழவழப்பு போனதும் நாக்கு சொரசொரப்பை உணர்கிறது. அறுசுவையில் ஒன்றாக நாம் எண்ணும் துவர்ப்பைப் பெரும்பாலான உணர்வியல் ஆய்வாளர்கள் தொடு உணர்வு என்றே கருதுவது இதனால்தான். கொதித்துக் கறுத்த தேயிலை டிகாக்‌ஷனில் பால் விட்டதும் கடுமை அடங்குவதும் இதே வேதியியல்தான்: அங்கே டானினைப் பிடித்துக்கொள்வது பாலின் புரதம்.

சரி, பாலும் இல்லாமல், மூடிய பாட்டிலுக்குள் 20 ஆண்டில் அந்தத் துவர்ப்பு எப்படி அடங்குகிறது? டானின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து நீளமாகி, கனம் தாங்காமல் அடியில் வண்டலாகப் படிந்துவிடுகின்றன என்பது நெடுங்காலமாகச் சொல்லப்படும் விளக்கம். வண்டல் படிவது உண்மை. ஆனால் கதை அதோடு முடியவில்லை. ஒயின் புளிப்பான திரவம். அந்தப் புளிப்பில் டானின் சங்கிலிகள் அறுந்து, வேறு துண்டுகளோடு மறுபடி சேர்ந்துகொண்டே இருக்கின்றன. கூடவே மெதுவான ஆக்சிஜனேற்றம் ஒரே சங்கிலிக்குள்ளேயே புதுப் பிணைப்புகளை உண்டாக்கி அதைச் சுருட்டி இறுக்குகிறது. சுருண்ட டானினால் எச்சில் புரதத்தை முன்போலப் பற்ற முடிவதில்லை. ஆக, பழைய ஒயினிலும் டானின் நிறையவே இருக்கலாம். அதன் பிடிதான் தளர்ந்துபோகிறது.

இதற்கு வேண்டிய ஆக்சிஜன் கார்க் வழியாக ஆண்டுக்குச் சுமார் ஒரு மில்லிகிராம் அளவில் கசிகிறது. அதைவிட மிக அதிகமாகப் போனால் ஒயின் கெடும். அதனால்தான் பழைய பாட்டில் வாங்குகிறவர்கள் முதலில் கழுத்தைப் பார்க்கிறார்கள். ஒயின் மட்டம் தோள்பட்டைக்குக் கீழே இறங்கியிருந்தால் காற்று நிறையப் புகுந்திருக்கிறது என்று பொருள். எவ்வளவு பேர்பெற்ற பாட்டிலாக இருந்தாலும் அதை நான் வாங்கச் சொல்ல மாட்டேன்.

நிறத்தை வைத்து நெபியோலோவின் வயதை எடை போடுவது கடினம். பிறக்கும்போதே அதன் நிறம் வெளிறியது. சிவப்பைத் தரும் ஆந்தோசயனின்களில் எளிதில் ஆக்சிஜனேறும் வகைகள்தான் இதில் அதிகம். சில ஆண்டுகளிலேயே கிண்ணத்தின் விளிம்பில் செங்கல் நிறம் தட்டிவிடும். அதைப் பார்த்து ஒயின் கிழடாகிவிட்டது என்று ஒதுக்கிவிடக் கூடாது. வாயில் வைத்தால் துவர்ப்பு அப்போதும் முழு வீச்சில் இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி வாசனை. இளமையில் ரோஜா, செர்ரி, கொஞ்சம் தார். நாளாக ஆகப் பழவாசம் தரும் எஸ்டர்கள் சிதைந்து மங்குகின்றன. உலர்ந்த இலை, பதனிட்ட தோல், ஈரமண், காளான் மணங்கள் மேலே வருகின்றன. இவற்றுக்குப் பங்களிக்கும் சேர்மங்களில் ஒன்று டைமெத்தில் சல்பைடு. திராட்சையிலேயே இருக்கும் ஒரு முன்னோடிச் சேர்மம் பாட்டிலுக்குள் ஆண்டுக்கணக்கில் உடைந்து உடைந்து இதைத் தருகிறது. மண்ணுக்கடியில் வளரும் ட்ரஃபிள் காளான்களின் மணத்திலும் இதே சேர்மம் உண்டு. ஆல்பாவோ வெள்ளை ட்ரஃபிளுக்கு உலகப் புகழ் பெற்ற ஊர். அங்கே இலையுதிர் காலத்தில் ட்ரஃபிள் சீவிப் போட்ட நூடுல்ஸையும் பழைய பரோலோவையும் சேர்த்துப் பரிமாறுகிறார்கள். அந்தப் பொருத்தத்தில் வேதியியலுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

இந்த மாற்றங்கள் எல்லாம் வெப்பத்துக்குக் கட்டுப்பட்டவை. 12 முதல் 14 டிகிரி செல்சியஸ் என்றால் நிதானமாக நடக்கும். அறை சூடானால் அவை வெறுமனே வேகமாவதில்லை, ஒன்றுக்கொன்று பொருந்தாத வேகத்தில் ஓடுகின்றன. துவர்ப்பு அடங்குமுன் மணம் போய்விடலாம். பாட்டிலைப் படுக்க வைப்பது கார்க் காயாமல் இருக்க.

திறப்பதற்கு ஒரு நாள் முன்பாவது பாட்டிலை நிமிர்த்தி வைக்க வேண்டும், வண்டல் அடியில் இறங்கட்டும். அப்புறம் கழுத்துக்குக் கீழே ஒரு விளக்கை வைத்து, வண்டல் கழுத்தை எட்டும்வரை ஒரே சீராக வேறு குடுவைக்கு ஊற்ற வேண்டும். கசப்பான அந்தத் துகள்கள் ஒரு கரண்டி கலந்தாலும் இத்தனை ஆண்டுக் காத்திருப்பு கலங்கிவிடும். இளம் பரோலோ என்றால் ஊற்றியபின் சில மணி நேரம் காற்றில் விடலாம். 30 ஆண்டு கடந்ததற்கு அந்தத் தாராளம் ஆகாது. அதன் மணம் ஒரு மணி நேரத்திலேயே கலையக்கூடும் என்பதால், உணவு தயாரான பிறகே கார்க்கை எடுப்பது நல்லது.