றிஃப்: பிளாக் சபத்தின் முதல் அல்பத்தை முன்வைத்து ஒரு சொல் விளக்கம்

கொழும்பில் கிற்றார் பழகும் தமிழ்ப் பிள்ளைகள், "அந்த றிஃபை இன்னொருக்கா வாசி" என்று இயல்பாகச் சொல்லிக்கொள்கிறார்கள். இதே பிள்ளைகளிற் பலர் வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளுக்காகச் சுரவரிசையும் கீர்த்தனையும் படித்தவர்கள். பல்லவி, சங்கதி, கோர்வை ஆகிய சொற்கள் அவர்களுக்குப் புதியவை அல்ல. அப்படியிருந்தும் றிஃப் என்பதற்கு மட்டும் தமிழில் ஒரு சொல் நிலைபெறவில்லை.

றிஃப் என்பது, சில சுரங்களால் ஆனதும் தெளிவான தாள வடிவம் கொண்டதுமான ஒரு சிறு இசைத்தொடர், பாட்டின் ஊடே திரும்பத் திரும்ப வந்து அப்பாட்டையே தாங்கி நிற்பதாகும். இச்சொல் 1930களில் அமெரிக்க ஜாஸ் இசைஞரின் பேச்சுவழக்கிலிருந்து எழுத்துக்கு வந்தது. அதன் மூலம் உறுதிப்படவில்லை. திரும்ப வரும் பாடலடியைக் குறிக்கும் 'றிஃப்றெயின்' என்ற சொல்லின் குறுக்கம் என்பர் சிலர். சீட்டுக்கட்டை விரலால் சரசரவென்று தள்ளுவதைக் குறிக்கும் 'றிஃபிள்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பர் வேறு சிலர். கன்சாஸ் சிற்றியின் ஜாஸ் குழுக்கள், குறிப்பாகக் கவுன்ற் பேஸியின் குழு, எழுதி வைக்காத சிறு தொடர்களை ஊதுகருவிகளால் மீண்டும் மீண்டும் வாசித்து, அவற்றின்மேல் தனி வாசிப்பை எழுப்பின. அங்கிருந்து புளூஸ், றொக் இசைகளின் வழியாக இச்சொல் கிற்றாரிடம் வந்து சேர்ந்தது.

கிற்றாரின் கையில் றிஃப் எவ்வளவு பெரிய பொறுப்பை ஏற்றது என்பதைக் காண, இங்கிலாந்தின் பேர்மிங்ஹாமைச் சேர்ந்த பிளாக் சபத் என்ற றொக் குழுவின் முதல் அல்பத்தை மீண்டும் கேட்க வேண்டும். 2025 யூலை 5 அன்று அக்குழுவின் முதல் நால்வரும் பிறந்த ஊரில் கடைசியாகச் சேர்ந்து மேடையேறியதும், அம்மாதம் 22 அன்று பாடகர் ஒஸி ஒஸ்போர்ன் மறைந்ததும் பலரை அந்த அல்பத்திடம் திருப்பின. 1969 ஒக்ரோபரில் லண்டனில், தயாரிப்பாளர் றொட்ஜர் பெய்னின் பொறுப்பில், பெரும்பாலும் நால்வரும் ஒன்றாக வாசித்து ஒரே நாளில் பதிவுசெய்யப்பட்ட அது, 1970 பெப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளிவந்தது.

மழை, இடி, கோயில்மணி ஆகியவற்றின் ஒலி தேய்ந்ததும் முதற்பாடலின் றிஃப் எழுகிறது. அதில் உள்ளவை மூன்றே சுரங்கள்: கீழ் சட்ஜம் (ச), மேல் சட்ஜம், பிறகு பிரதி மத்திமம் (இரு வகை 'ம'வில் உயர்ந்தது). கிற்றார் ஸ்தாயியை, அதாவது ஒரு சட்ஜத்திலிருந்து அடுத்த சட்ஜம் வரையான தொலைவை, பன்னிரண்டு சம அரைச்சுரங்களாகப் பகுக்கிறது. பிரதி மத்திமம் ஆறாவதாக, இரு சட்ஜங்களுக்கும் நட்டநடுவே நிற்கிறது. மேலைநாட்டு இசை நூல்கள் இந்த இடைவெளியை 'இசையிலுள்ள சாத்தான்' என்று பொருள்படும் இலத்தீன் தொடரால் சுட்டியதுண்டு. நமக்கோ அதே பிரதி மத்திமம் கல்யாணி இராகத்தின் உயிர். 72 மேளகர்த்தாக்களில், அதாவது தாய் இராகங்களில், பின் 36 அதைக் கொண்டவை. ஒரே சுரம் இங்கே மங்கலமாகவும் அங்கே அச்சமாகவும் ஒலிப்பதற்கு நம்பிக்கைகளைவிட அமைப்பே முதற்காரணம் என்று நான் கருதுகிறேன். கல்யாணியில் காந்தாரமும் பஞ்சமமும் அதற்கு இருபுறமும் துணை நிற்கின்றன. இந்த றிஃபிலோ மத்திமம் பஞ்சமத்தை எட்டாமலே நடுங்கி நின்று, மறுபடி கீழ் சட்ஜத்தில் விழுகிறது. அந்த நிறைவின்மையை மறுபடி மறுபடி கேட்கச் செய்வதே அச்சத்தைத் தருகிறது.

அதை வாசித்த ரொனி அயோமி இடக்கையர். ஆதலால் தந்தியை அழுத்துவது அவருடைய வலக்கை. பதினேழு வயதில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் அந்தக் கையின் நடுவிரல் நுனியையும் மோதிரவிரல் நுனியையும் இழந்தார். பிளாஸ்ரிக் போத்தலை உருக்கித் தாமே விரலுறை செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைப் பூட்டினார். எல்லா விரல்களையும் விரித்துப் பிடிக்கும் கூட்டுச்சுரங்கள் அவருக்கு எளிதாக இல்லாததால், இரண்டு விரல்களால் பற்றக்கூடிய சுருக்கமான பிடிகளிலும் ஒற்றைச்சுரத் தொடர்களிலும் தம் இசையைக் கட்டினார். தந்திகளைத் தளர்த்திச் சுருதியைத் தாழ்த்தும் வழக்கம் பிந்தியது. இந்த அல்பத்தின் கனம் இயல்பான சுருதியிலேயே பிறந்தது. அக்கனத்தில் மற்றவர்களுக்கும் பங்குண்டு. கீசர் பட்லர் முன்பு கிற்றார் வாசித்தவர், 'என்.ஐ.பி.' பாடலில் அவருடைய பேஸ் கிற்றார் தனியே தொடங்கி, பின் அயோமியின் றிஃபோடு ஒன்றாக இழைந்து நடப்பதைக் கேட்கலாம். பில் வார்டின் ட்ரம் வாசிப்பு ஜாஸில் ஊறியது. றிஃப் மாறாமல் நிற்க, அவர் கை அதன் இடைவெளிகளை ஒவ்வொரு சுற்றிலும் வேறு விதமாக நிரப்புகிறது. முதற்பாடலில் பாடகர் நுழையும்போது அதே மூன்று சுரங்கள் மெல்லிய மீட்டலாகத் தணிகின்றன; இறுதியில் வேகம் கூடிப் புதிய றிஃப் பிறக்கிறது. பாட்டின் பகுதிகளைப் பிரித்துக் காட்டுவது இங்கே சொற்களைக் காட்டிலும் றிஃபின் நடைதான்.

இனித் தமிழ்ச் சொல். பல்லவி என்போர் உண்டு. றிஃப்றெயினுக்குப் பல்லவி பொருந்தும். ஆயினும் பல்லவி சாகித்தியத்தோடு, அதாவது பாடல்வரியோடு, கூடியது, சரணம் முடிந்தபின் திரும்புவது. றிஃப் பாடலடியின் அடியிலும் ஓடும். சங்கதி, ஒரே அடியைத் திரும்பப் பாடும் ஒவ்வொரு முறையும் வளர்ந்து மாறுவதால், றிஃபுக்கு நேர் எதிரானது. கோர்வையின் வேலை ஒரு பகுதியை முடித்து வைப்பது.

நம் இசையில் 'பிடி' என்றொரு சொல் இருக்கிறது. இராகத்தை ஓரிரு கணத்தில் அடையாளம் காட்டும் சிறு தொடரை வித்துவான்கள் அந்த இராகத்தின் பிடி என்பர். பாட்டை முதற்கணத்திலேயே இனங்காட்டுவது றிஃபின் இயல்பும்தான். கையால் பற்றுதல் என்ற அடிப்பொருளும் தந்தியை அழுத்தும் விரலுக்கு நன்கு இசைகிறது. மேலைச் செவ்வியல் இசையில் இதற்கு நெருங்கிய உறவான சொல் 'ஒஸ்ரினாற்றோ'. இத்தாலிய மொழியில் அதன் பொருள் பிடிவாதமானது என்பதாகும். நம் பிடிவாதத்திலும் பிடி இருக்கிறது. வேரால் தொடர்பற்ற இரண்டு மொழிகள் ஒரே கருத்தில் சந்திப்பதை நான் மகிழ்ச்சியோடு காண்கிறேன்.

இராகப் பிடி குறித்த தாள வடிவில் மாறாது திரும்புவதில்லை. றிஃபுக்கு அதுவே இன்றியமையாதது. ஆகவே 'மீள்பிடி' என்று எழுதுவது பொருத்தம். பேச்சில் பிடி என்றாலே போதும்: தொடக்கப் பிடி, இடைப் பிடி, "அந்தப் பிடியை இன்னொருக்கா வாசி".

கிற்றாரில் எதை வாசித்தாலும் மீள்பிடி என்று சொல்லிவிடக் கூடாது. ஒருமுறை மின்னி மறையும் தொடருக்கு இச்சொல் ஆகாது. இந்த அல்பத்தின் இறுதியில் உள்ள 'வோர்னிங்' பாடலில் அயோமி நெடுநேரம் கற்பனையாக வாசித்துச் செல்கிறார். அப்பகுதிக்குத் தனி வாசிப்பு என்பதே பெயர். அது முடிந்து, பாட்டின் தொடக்கத்தில் கேட்ட தொடர் மறுபடி வரும் இடத்திலேயே மீள்பிடி என்று குறிக்க வேண்டும்.